பொத்தானுக்கு முன் எழுத்து: வரைகலை இடைமுகக் கருவித்தொகுதிகளை அறிந்து தெரிவுசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பைதனிலோ சி++ இலோ ஓரளவு நிரல் எழுதப் பழகி, கருந்திரையில் விடைகளை அச்சிட்டுப் பார்த்து, இனிச் சாளரமும் பெட்டியும் பொத்தானும் கொண்ட மென்பொருள் ஒன்றை எழுத வேண்டும் என்று முனைவோருக்கு முதலில் எழும் கேள்வி, அவற்றை ஆக்கித்தரும் நூலகமான கருவித்தொகுதிகளுள் (toolkit) எதைக் கையில் எடுப்பது என்பதாகும். இதற்காக எழுதப்படும் ஒப்பீடுகள் பெரும்பாலும் வேகத்தையும் தோற்றத்தையும் அளக்கின்றன. திருகோணமலையில் இருந்துகொண்டு, தமிழும் சிங்களமும் ஒரே திரையில் வரவேண்டிய மென்பொருள்களைச் செய்துவரும் எனக்கு, அவை முதலில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதாகவே படுகிறது. ஒரு கருவித்தொகுதி நம் எழுத்தைப் பிழையின்றி வரைகிறதா, நாம் தட்டும் எழுத்தைப் பிழையின்றி வாங்கிக்கொள்கிறதா என்பதைத்தான் மற்றெல்லாவற்றுக்கும் முன்னர் சோதிக்க வேண்டும். பொத்தானின் நிறத்தை எப்போதும் மாற்றலாம். எழுத்தைத் தவறாக வரையும் கருவித்தொகுதியின் மேல் கட்டிய மென்பொருளைத் தொடக்கத்திலிருந்து திரும்ப எழுத வேண்டிவரும்.

வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துச் செல்கிறேன். திருகோணமலையை அடுத்த உப்புவெளிக் கரையில் உள்ள ஒரு மீன் வாடிக்கு (மீன் இறக்கி விற்கும் கரையோரக் கொட்டிலுக்கு) நான் எழுதிக்கொடுத்த கணக்கு மென்பொருள் அது. விடியற்காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும் எந்த வள்ளம், என்ன மீன், எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, வாங்கியவர் யார் என்பவற்றைப் பதிந்து, பின்னர் வள்ளங்களின் உரிமையாளரான சம்மாட்டிக்கும் தொழிலாளர்களுக்கும் உரிய பங்கைக் கணக்கிட்டு அச்சிட்டுக் கொடுப்பதே அதன் வேலை. திரையில் ஐந்து பெட்டிகள், ஒரு பட்டியல், மூன்று பொத்தான்கள் மட்டுமே உள்ளன. ஆயினும் ஒரு கருவித்தொகுதியின் பலமும் பலவீனமும் அந்தச் சிறு திரையிலேயே வெளிப்பட்டுவிட்டன.

முதற்படி: அடுக்குகளைப் பிரித்தறிதல்

திரையில் தெரியும் ஒரு பொத்தானுக்குக் கீழே பல அடுக்குகள் உள்ளன. அடியில் இருப்பது சாளர முறைமை. திரையின் எந்தப் பகுதி எந்த மென்பொருளுக்கு உரியது, சுட்டி எங்கே நகர்ந்தது, எந்த விசை அழுத்தப்பட்டது என்பவற்றைக் கவனித்து உரிய மென்பொருளுக்குச் சொல்வது அதன் பணி. யுனிக்ஸ் உலகில் இப்பணியை நெடுங்காலம் செய்துவந்த எக்ஸ் சாளர முறைமை, 1984 இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் தோன்றியது. இன்றும் புழக்கத்தில் உள்ள அதன் 11ஆம் பதிப்பு 1987 இல் வெளிவந்தது. வழிவகையை மட்டும் தருவோம், தோற்றத்தையும் நடத்தையையும் விதிக்க மாட்டோம் என்பது அதை ஆக்கியவர்கள் கைக்கொண்ட கொள்கை. அதனால் எக்ஸுக்குப் பொத்தான் என்றால் என்னவென்று தெரியாது. அது தருவது வெறும் செவ்வகம். அதற்குள் கோடு வரையலாம், எழுத்து இடலாம், அதன்மேல் சுட்டி அழுத்தப்பட்டது என்ற செய்தியைப் பெறலாம். அந்தச் செவ்வகத்தைப் பொத்தானாக நடக்கச் செய்வது மேலடுக்கின் வேலை.

அந்த மேலடுக்கையும் இரண்டாகப் பார்க்க வேண்டும். எக்ஸின் தொடக்க காலத்தில் இப்பிரிவு தெளிவாகவே இருந்தது. எக்ஸ்டி இன்ட்ரின்சிக்ஸ் என்ற நூலகம், திரைக்கூறு ஒன்றை எவ்வாறு உருவாக்குவது, ஒன்றுக்குள் ஒன்றாக எவ்வாறு அடுக்குவது, நிகழ்வுகளை எவ்வாறு சேர்ப்பிப்பது என்ற விதிகளை மட்டும் தந்தது. அதில் பார்க்கத்தக்க பொத்தான் எதுவும் இல்லை. அவ்விதிகளின்மேல் அதீனா என்ற விட்ஜெட் தொகுப்பும், பின்னர் 1989 இல் மோட்டிஃப் என்ற விட்ஜெட் தொகுப்பும் எழுந்தன. விதிகளையும் இயந்திரத்தையும் தருவது கருவித்தொகுதி. அவ்விதிப்படி செய்யப்பட்ட பொத்தான், பெட்டி, பட்டியல், உருள்பட்டை ஆகியவற்றின் குடும்பம் விட்ஜெட் தொகுப்பு. இன்றைய கியூட், ஜிடிகே போன்றவை இரண்டையும் ஒரே பெயரில் தருவதால் வேறுபாடு மறைந்து கிடக்கிறது. டிகேயில் மட்டும் அது இன்னும் கண்ணுக்குத் தெரியும்: ஒரே கருவித்தொகுதிக்குள் பழைய விட்ஜெட்களும், 8.5 பதிப்போடு சேர்ந்த டிடிகே எனும் புதிய விட்ஜெட் தொகுப்பும் அருகருகே உள்ளன. பெயர் ஒன்றாயினும் பழைய பொத்தானுக்குக் கொடுக்கும் நிற அமைப்பைப் புதிய பொத்தான் ஏற்காது என்பதைக் கண்டு குழம்பும் மாணவர்களுக்கு, இந்த வேறுபாட்டைச் சொன்னதும் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

இத்தனை தொகுதிகள் ஏன் தோன்றின என்பதற்குத் தொழில்நுட்பத்தைப் போலவே உரிமமும் காரணம். மோட்டிஃப் பணம் கொடுத்துப் பெறவேண்டிய பொருளாக இருந்தது. பெர்க்லியில் மாணவர்களாயிருந்த ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் ஜிம்ப் என்ற பட மென்பொருளை முதலில் மோட்டிஃபில் எழுதி, பிறகு அதைக் கைவிட்டுத் தமக்கென ஒரு கருவித்தொகுதியை எழுதினார்கள். அதுவே ஜிடிகே, பெயரின் முதலெழுத்து ஜிம்பைக் குறிக்கிறது. நோர்வேயில் ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங் ஆகிய இருவரும் 1991 இல் தொடங்கிய கியூட், 1995 இல் பொதுவெளிக்கு வந்தது. 1996 இல் தொடங்கிய கேடிஈ மேசைச்சூழல் கியூட்டின்மேல் அமைந்தபோது, கியூட்டின் அன்றைய உரிமம் போதிய சுதந்திரம் தரவில்லை என்று கருதியோர் 1997 இல் ஜிடிகேயின்மேல் க்னோம் என்ற மேசைச்சூழல் திட்டத்தைத் தொடங்கினர். கியூட் 2000 இல் ஜிபிஎல் உரிமத்திலும் (அதைக் கொண்டு வெளியிடும் மென்பொருளின் மூலநிரலையும் திறக்கச் சொல்வது) 2009 இல் எல்ஜிபிஎல் உரிமத்திலும் (நம் மூலநிரலை மூடிவைக்க இடந்தருவது) கிடைக்கலாயிற்று. அதற்குள் இரண்டு குடும்பங்களும் வேரூன்றிவிட்டன.

இரண்டாம் படி: வரைபவர் யார் என்று கேட்டல்

ஒரு கருவித்தொகுதியின் பெயர் காதில் விழுந்ததும் நான் கேட்கும் முதற்கேள்வி, பொத்தானை அதுவே வரைகிறதா, இயங்குதளத்தின் பொத்தானை வாங்கி வைக்கிறதா என்பதுதான்.

1992 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. விண்டோஸில் அது விண்டோஸின் பொத்தானையும், மாக்கில் மாக்கின் பொத்தானையும், லினக்ஸில் ஜிடிகேயின் பொத்தானையும் எடுத்து வைக்கிறது. கியூட், ஜிடிகே, ஃப்ளட்டர் ஆகியவை தாமே வரைபவை. கியூட் அந்தந்த இயங்குதளத்தின் தோற்றத்துக்கு நெருங்கி வரைய முயல்கிறது, ஃப்ளட்டர் எங்கும் தன் தோற்றத்தையே வரைகிறது. ஜாவா இரண்டு வழியிலும் நடந்து பார்த்த மொழி: அதன் முதல் தொகுதியான ஏடபிள்யூடி இயங்குதளத்தின் கூறுகளை வாங்கிப் பயன்படுத்தியது, 1998 இல் ஜாவா 1.2 உடன் வந்த ஸ்விங் தானே வரைந்தது. எலக்ட்ரான் வேறொரு வழியில், குரோமியம் உலாவி முழுவதையும் மென்பொருளோடு சேர்த்துக் கட்டி, இணையப்பக்கத்தையே சாளரமாகக் காட்டுகிறது.

வாங்கி வைக்கும் தொகுதியில் எழுத்தை வரைவதும் உள்ளீட்டை வாங்குவதும் பெரும்பாலும் இயங்குதளத்தின் பொறுப்பு. தானே வரையும் தொகுதியில் அவ்விரண்டையும் அத்தொகுதியே சுமக்க வேண்டும். எனவே அடுத்த படியில் வரும் சோதனை தானே வரையும் தொகுதிகளுக்கு மிக இன்றியமையாதது.

மூன்றாம் படி: எழுத்துச் சோதனை

வாடி மென்பொருளின் முதல் வடிவத்தை நான் பைதனோடு கிடைக்கும் டிகேயில், விண்டோஸ் கணினியில் எழுதினேன். எல்லாம் சரியாகத் தெரிந்தது. பின்னர் வாடியில் இருந்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவி, அதே நிரலை ஓட்டிக் காட்டினேன். சம்மாட்டி திரையைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது நெத்தலியோ? எனக்கு வாசிக்க ஏலாமக் கிடக்கு." அவர் சொன்னது முற்றிலும் சரி. நெத்தலியின் முதலெழுத்தான நகரம் கொம்பின்றித் தனியே நின்றது. அதற்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் விழுந்து, அடுத்திருந்த தகர மெய்யோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கொடுவாவில் வரும் டு, டகரமாகவும் தனியே தொங்கும் உகரக்குறியாகவும் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இயங்குதளம் இரண்டிலும் சோதிக்காமல் கொண்டுசென்றது என் தவறு.

யுனிகோடில் தமிழ், ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகிறது. கண் பார்க்கும் வரிசை வேறு. நெ என்று எழுதும்போது கொம்பு இடப்பக்கம் வந்தாலும், நினைவகத்தில் ந முதலாவதாகவும் எகரக்குறி இரண்டாவதாகவும் இருக்கும். கொ என்பதில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும். கு, டு, ரு, சூ போன்றவற்றில் மெய்யும் குறியும் கலந்து ஒரே வரிவடிவமாகிவிடும். நினைவகத்தில் உள்ள குறியீட்டு வரிசையை எடுத்து, எழுத்துருவில் உள்ள விதிகளைப் படித்து, எந்த வரிவடிவம் எந்த இடத்தில் வரவேண்டும் என்று தீர்மானிக்கும் பணியை வடிவாக்கம் என்று இங்கே அழைக்கிறேன். ஜிடிகே இப்பணியைப் பாங்கோ என்ற உரை நூலகம் வழியாக ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்திடம் ஒப்படைக்கிறது. கியூட்டும் ஃப்ளட்டரும் குரோமியமும் ஹார்ஃப்பஸையே பயன்படுத்துகின்றன. டிகே 8.6 விண்டோஸிலும் மாக்கிலும் இயங்குதளத்தின் வடிவாக்கத்தைப் பெறுவதால் அங்கே தமிழ் சரியாக வரும். லினக்ஸில் எக்ஸ்எஃப்டி என்ற எழுத்துரு நூலகம் வழியாக எழுத்துகளை ஒவ்வொன்றாக வைத்துச் செல்வதால் வடிவாக்கம் நடப்பதில்லை. ஆங்கிலத்துக்கு அது போதும், நமக்குப் போதாது.

சோதனைக்கு நீண்ட உரை எதுவும் வேண்டியதில்லை. ஒரு சாளரத்தில் ஒரு பெயர்ப்பலகை விட்ஜெட், ஓர் உள்ளீட்டுப் பெட்டி, ஒரு பட்டியல் ஆகிய மூன்றையும் வைத்து, நெத்தலி, கொடுவா, சூடை, திருக்கை, ஸ்ரீ, க்ஷ ஆகியவற்றை மூன்றிலும் இடுங்கள். நெத்தலி கொம்பையும், கொடுவா இருபக்கக் குறியையும், சூடை ஊகாரக் கலப்பையும் ஐகாரக் கொம்பையும், திருக்கை உகரக் கலப்பையும், ஸ்ரீயும் க்ஷவும் கூட்டெழுத்தையும் சோதிக்கும். ஸ்ரீயை விட்டுவிட வேண்டாம். வள்ளங்களின் பெயர்களில் அது அடிக்கடி வரும். மூன்று விட்ஜெட்களிலும் தனித்தனியே பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில தொகுதிகளில் பெயர்ப்பலகையை வரையும் வழி ஒன்றாகவும், உள்ளீட்டுப் பெட்டியை வரையும் வழி வேறாகவும் இருக்கும்.

தெரிவது சரியாக இருந்தால் உள்ளீட்டுப் பெட்டிக்குள் இடம்குறியை (கர்சரை) நகர்த்திப் பாருங்கள். நெத்தலி என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. யுனிகோடில் ஏழு குறியீடு. இட அம்பு விசையை நான்கு முறை அழுத்தினால் இடம்குறி சொல்லின் தொடக்கத்துக்கு வரவேண்டும். ஏழு முறை அழுத்த வேண்டியிருந்தாலோ, இடம்குறி கொம்புக்கும் நகரத்துக்கும் நடுவே நின்றாலோ, அத்தொகுதி தமிழை எழுத்தாக அறியவில்லை என்று பொருள். பின்னழிப்பு விசை குறியை மட்டும் நீக்கி மெய்யை விட்டுவைப்பது பிழையன்று. குறியைத் தவறாகத் தட்டியவருக்கு அது வசதியே. பெட்டிக்கு எழுத்தெல்லை விதிக்கும்போதும் இதே கணக்கு வரும். வள்ளத்தின் பெயருக்குப் பத்தெழுத்து என்று விதித்தால், உண்மையில் ஆறெழுத்துக்கு மேல் உள்ளே போகாத நிலை ஏற்படலாம்.

தட்டச்சும் சோதிக்கப்பட வேண்டும். இங்கே பாமினி முறையில் பழகியவர்கள் ஏராளம். அவர்கள் கையால் எழுதும் வரிசையிலேயே, கொம்பை முதலிலும் மெய்யை அடுத்தும் தட்டுவார்கள். விசைப்பலகை மென்பொருள் அதை யுனிகோட் வரிசைக்குத் திருப்பித் தரவேண்டும். அந்த மென்பொருளோடு உரையாடுவது விட்ஜெட்டின் பொறுப்பு. உள்ளீட்டு முறைமைக்கு ஆதரவு இல்லாத பெட்டியில் கொம்பு மட்டும் விழுந்து நிற்கும், அல்லது இரட்டிப்பாக விழும். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறைமை வழியாகத் தட்டி, கியூட் பெட்டியிலும் ஜிடிகே பெட்டியிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கல் தேடலில் ஒளிந்திருக்கிறது. கொ என்பதன் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். எகரக்குறி, ஆகாரக்குறி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் மறுவிதமாகவும் தட்டிய கொடுவா, தேடலில் ஒன்றோடொன்று பொருந்தாது. பெட்டியிலிருந்து எடுத்த உரையைச் சேமிக்குமுன் யுனிகோட் இயல்பாக்கம் செய்துவிட்டால் இது தீரும். பைதனில் அதற்கு ஒரு வரி போதும். அகரவரிசையும் அவ்வாறே. அகராதி முறையில் அக்கா முன்னும் அகல் பின்னும் வரவேண்டும். யுனிகோடில் புள்ளிக்கு உரிய எண், அகரமேறிய மெய்களின் எண்களுக்கும் உயிர்க்குறிகளின் எண்களுக்கும் பின்னால் இருப்பதால், பட்டியல் விட்ஜெட் தானாக வரிசைப்படுத்தினால் அகல் முந்திவிடும். மொழியறிந்து வரிசைப்படுத்தும் வசதியைக் கியூட்டின் கொலேட்டர் வழியாகவோ ஐசியு நூலகம் வழியாகவோ பெறலாம். பெயர் வரிசையில் தன் வள்ளத்தைத் தேடும் ஒருவருக்கு இது சிறு விடயமன்று.

சிங்களத்தையும் சேர்த்துச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் யன்சய, ரகாரான்சய எனும் யகர, ரகரக் கூட்டு வடிவங்களுக்கு அகலமற்ற இணைப்பான் என்ற, கண்ணுக்குப் புலப்படாத குறியீடு தேவை. உரையைத் துப்புரவாக்குவதாக எண்ணி அத்தகைய குறியீடுகளை நீக்கும் நிரல், சிங்களப் பெயர்களைச் சிதைத்துவிடும். திருகோணமலையில் மீன் வாங்க வருபவரின் பெயர் எந்த மொழியிலும் இருக்கலாம். அவருடைய பெயரை அவர் எழுதும்படியே அச்சிட்டுக் கொடுப்பது நம் கடமை.

நான்காம் படி: தளவமைப்பை அளவுகோலிடம் விடாதிருத்தல்

விட்ஜெட்கள் ஒரு மரமாக அமைகின்றன. சாளரம் வேர், அதற்குள் கொள்கலன்கள் கிளைகள், பொத்தானும் பெட்டியும் இலைகள். ஒவ்வோர் இலையும் தனக்குக் குறைந்தது எவ்வளவு இடம் வேண்டும் என்று தன் கொள்கலனிடம் கேட்கும். கொள்கலன் அவற்றைக் கூட்டித் தனக்கு மேலுள்ளதிடம் கேட்கும். வேர் வரை கேள்வி ஏறிச் சென்றபின், கிடைத்த இடம் மேலிருந்து கீழாகப் பங்கிடப்படும். டிகேயின் கிரிட், கியூட்டின் படிவத் தளவமைப்பு, ஜிடிகேயின் பாக்ஸ் ஆகிய அனைத்தும் ஏறத்தாழ இந்தப் பேச்சுவார்த்தையைத்தான் நடத்துகின்றன.

இதை விடுத்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் இத்தனை புள்ளி அகலம், இத்தனை புள்ளி உயரம் என்று கையால் அளந்து வைப்பது தொடக்கத்தில் எளிதாகத் தோன்றும். எனக்கும் அவ்வாறே தோன்றியது. விண்டோஸின் காட்சி அளவு 125 விழுக்காடாக வைக்கப்பட்டிருந்த இன்னொரு கணினியில், "மொத்தத் தொகை" என்பது "மொத்தத்" என்பதோடு நின்றுவிட்டது. "கூட்டு" என்ற பொத்தானில் ஊகாரத்தின் கீழ்வளைவு வெட்டுப்பட்டது. தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் அவற்றின் ஆங்கில ஈடுகளைவிட நீளமானவை. மேலே விலங்கும் கீழே சுழியும் இருப்பதால் வரியுயரமும் கூடுதலாக வேண்டும். ஆங்கிலத்துக்கென அளந்த திரையில் தமிழை இட்டால் இரண்டு பக்கமும் இடிக்கும். அளவைத் தளவமைப்பு மேலாளரிடம் ஒப்படைத்து, எந்தப் பெட்டி விரியலாம், எது விரியக்கூடாது என்பதை மட்டும் நாம் சொல்வதே முறை. வாடித் திரையில் விரியவேண்டியது பட்டியல் ஒன்றே.

இடைமுகச் சொற்களை நிரலுக்குள் நேரடியாக எழுதாமல், முதல் நாளிலிருந்தே மொழிபெயர்ப்புக் கோப்பில் வைக்கவும். ஜிடிகேயில் கெட்டெக்ஸ்ட் முறையும், கியூட்டில் அதற்கே உரிய மொழிபெயர்ப்பு முறையும் உண்டு. ஐம்பது சொற்கள் இருக்கும்போது இது ஒரு மணிநேர வேலை. ஐந்நூறு ஆனபின் ஒரு வாரம் போய்விடும்.

ஐந்தாம் படி: நிகழ்வுச் சுழலைத் தடுக்காதிருத்தல்

கருந்திரை நிரல் மேலிருந்து கீழாக ஓடி முடிந்துவிடும். சாளர நிரல் அப்படியன்று. எல்லாவற்றையும் அடுக்கி முடித்ததும், அது ஒரு சுழலுக்குள் நுழைந்து செய்திக்காகக் காத்திருக்கும். விசை அழுத்தப்பட்டது, சுட்டி நகர்ந்தது, சாளரத்தின் ஒரு பகுதியைத் திரும்ப வரைய வேண்டும் என்பன போன்ற செய்திகள் ஒரு வரிசையில் வந்து நிற்கும். சுழல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, உரிய விட்ஜெட்டுக்குக் கொடுக்கும். அந்த விட்ஜெட்டோடு நாம் இணைத்துவைத்த செயற்கூறு அப்போது ஓடும். கியூட் இந்த இணைப்பைச் சிக்னல், ஸ்லாட் என்று அழைக்கிறது. ஜிடிகே சிக்னல் என்கிறது. டிகே கட்டளை என்கிறது. பெயர்கள் வேறாயினும் விதி ஒன்றே: நம் செயற்கூறு முடியும்வரை சுழல் அடுத்த செய்தியைத் தொடாது.

வாடியில் மின்தராசு ஒன்றைக் கம்பி வழியாகக் கணினியோடு இணைத்திருந்தேன். "எடை எடு" என்ற பொத்தானை அழுத்தினால், எடை நிலைகொள்ளும்வரை தராசுக்காகக் காத்திருந்து எண்ணை வாங்கிப் பதியும்படி எழுதியிருந்தேன். கூடையை வைத்ததும் எண் அடங்க இரண்டு மூன்று விநாடி எடுக்கும். அந்நேரம் முழுவதும் சாளரம் உறைந்து நின்றது. பொத்தானை அழுத்தியவர், அழுந்தவில்லை என்று எண்ணி மறுபடியும் மறுபடியும் அழுத்தினார். அவ்வழுத்தல்கள் எதுவும் தொலைந்துபோகவில்லை, வரிசையில் காத்திருந்தன. தராசு பதில் தந்ததும் சுழல் விழித்துக்கொண்டு அவற்றையும் ஒவ்வொன்றாக நிறைவேற்ற, ஒரே கூடைப் பாரை மூன்று முறை பதிவாகியது. மாலையில் பங்குக் கணக்கு பொருந்தாதபோதுதான் அது தெரியவந்தது. பங்குப் பணத்தை நம்பிக் காத்திருப்பவர்களுக்கு முன்னால் அந்தக் கணக்கைத் திருத்தி உட்கார்ந்திருந்த நேரத்தை நான் மறக்கவில்லை.

திருத்தம் இரண்டு பகுதி கொண்டது. பொத்தான் அழுத்தப்பட்ட கணமே அதைச் செயலற்றதாக்கி, "எடை பார்க்கிறது" என்று எழுதிக்காட்ட வேண்டும். அடுத்து, தராசுக்காகக் காத்திருக்கும் வேலையைத் தனி இழைக்கு, அதாவது அதே நிரலுக்குள் சுழலோடு ஒருங்கே ஓடும் வேறொரு செயலோட்டத்துக்கு, மாற்ற வேண்டும். அந்த இழை எண்ணைப் பெற்றதும் தானே பெட்டிக்குள் எழுத முயலக்கூடாது. ஏறத்தாழ எல்லாக் கருவித்தொகுதிகளிலும் விட்ஜெட்களை, சுழல் ஓடும் முதன்மை இழை மட்டுமே தொடலாம். வேறோர் இழை தொட்டால் ஒருநாள் சரியாக ஓடும், மறுநாள் காரணமின்றி விழும். எனவே எண்ணை முதன்மை இழையிடம் கொடுத்தனுப்ப வேண்டும். கியூட்டில் இழையிலிருந்து ஒரு சிக்னலை எழுப்பினால், அது வரிசையில் சேர்ந்து முதன்மை இழையில் நிறைவேறும். ஜிடிகேயில் ஐடில்ஆட் என்ற செயற்கூறு அதே பணியைச் செய்யும். டிகேயில் ஒரு வரிசைப்பட்டியலில் இட்டுவிட்டு, ஆஃப்டர் என்ற செயற்கூறைக் கொண்டு சிறு இடைவெளிகளில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

எது நீண்ட வேலை என்று தீர்மானிக்க ஓர் அளவு சொல்கிறேன். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒருமுறை வரைவதற்கு உரிய நேரம் சுமார் 16 மில்லிவிநாடி. கோப்பு, வலையமைப்பு, அச்சுப்பொறி, தராசு என வெளியே காத்திருக்க வேண்டிய எதுவும் அதற்குள் முடியும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே அவை அனைத்தும் வேறு இழைக்கு உரியவை.

ஆறாம் படி: பார்க்க இயலாதவரும் சுட்டி தொடாதவரும்

திரைவாசிப்பான்கள், விட்ஜெட் மரத்தைப் படித்தே பேசுகின்றன. விண்டோஸில் என்விடிஏ, லினக்ஸில் ஓர்கா ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. தானே வரையும் கருவித்தொகுதி, தான் வரைந்தது பொத்தானா பெட்டியா என்பதை இயங்குதளத்துக்குச் சொல்லாவிட்டால், திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். கியூட் இதைச் செய்கிறது, ஜிடிகே லினக்ஸில் செய்கிறது, டிகே 8.6 லினக்ஸிலும் விண்டோஸிலும் செய்வதில்லை. பொதுமக்கள் பயன்படுத்தும் மென்பொருள் எழுதுவோர் இக்காரணம் ஒன்றுக்காகவே டிகேயைத் தவிர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

விசைப்பலகையால் மட்டும் முழு வேலையையும் செய்ய முடிகிறதா என்றும் பாருங்கள். தாவல் (Tab) விசை பெட்டியிலிருந்து பெட்டிக்குச் செல்லும் வரிசை, கியூட்டில் இயல்பாக விட்ஜெட்களை உருவாக்கிய வரிசையே. நிரலில் விலைப்பெட்டியை எடைப்பெட்டிக்கு முன் உருவாக்கியிருந்தால், திரையில் எங்கே வைத்தாலும் தாவல் விலைக்கே முதலில் போகும்.

ஏழாம் படி: தெரிவு

உரிமத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிடிகே எல்ஜிபிஎல். டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸும் டிகேயும் தாராளமான உரிமம் கொண்டவை. கியூட்டைப் பைதனில் பயன்படுத்த இரண்டு பாலங்கள் உள்ளன: பைசைடு எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது, பைகியூட் ஜிபிஎல் அல்லது கட்டண உரிமத்தில் கிடைக்கிறது. மூலநிரலை வெளியிடாமல் மென்பொருளை விற்க நினைப்பவர், இவ்வேறுபாட்டை எழுதத் தொடங்குமுன் படித்துக்கொள்ள வேண்டும்.

வாடி மென்பொருளை நான் இறுதியில் பைசைடில் திரும்ப எழுதினேன். தமிழும் சிங்களமும் மூன்று இயங்குதளங்களிலும் ஒரேவிதமாக வந்தன. தராசு இழையைச் சிக்னலோடு இணைப்பது எளிதாக இருந்தது. லினக்ஸுக்கு மட்டும் எழுதுவோருக்கு ஜிடிகே 4 நல்ல தெரிவு. நினைவகம் குறைந்த பழைய விண்டோஸ் கணினிகளே இலக்கு எனில் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸை எடுக்கலாம். கைப்பேசியும் வேண்டும் எனில் ஃப்ளட்டர். இணையப்பக்கம் எழுதத் தெரிந்தவர்களை எலக்ட்ரான் இழுக்கும். எழுத்து அதில் குறையின்றி வரும், ஆனால் ஒவ்வொரு மென்பொருளும் ஓர் உலாவியைச் சுமந்து வருவதை அந்தப் பழைய மடிக்கணினி தாங்காது. கற்றுக்கொள்வதற்கு டிகேயைவிட எளிய வாயில் இல்லை; மரம், தளவமைப்பு, சுழல் ஆகிய மூன்றையும் இரண்டு வாரத்தில் அதில் கற்கலாம். கற்றபின் அங்கேயே தங்கிவிட வேண்டாம்.

எட்டாம் படி: கொண்டுபோய் நிறுவுதல்

எழுத்துருவை மென்பொருளோடு சேர்த்தே அனுப்புங்கள். விண்டோஸில் 8ஆம் பதிப்பு முதல் நிர்மலா யுஐ என்ற எழுத்துரு உண்டு. லினக்ஸில் தமிழ் எழுத்துரு ஒன்றும் இல்லாத நிறுவல்களைக் கண்டிருக்கிறேன், அங்கே எல்லா எழுத்தும் வெற்றுக்கட்டங்களாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைப்பதால் அதை உள்ளடக்கி, மென்பொருள் தொடங்கும்போதே ஏற்றிவிடலாம்.

பிறகு அதே இடத்தில், அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். நான் விடியற்காலை ஐந்து மணிக்கு வாடிக்குப் போய் உட்கார்ந்தபோதுதான், ஈரக்கையோடு தொடுபலகையைப் பயன்படுத்த முடியாது என்பதையும், தலைக்கு மேல் எரிந்த ஒற்றைக் குண்டு விளக்கின் ஒளியில் சாம்பல்நிறப் பின்னணியில் இருந்த சாம்பல்நிற எழுத்து தெரியாது என்பதையும் கண்டேன். எண்விசைகளும் உள்ளிடு விசையும் மட்டும் கொண்டு ஒரு பதிவை முடிக்கும்படி தாவல் வரிசையை மாற்றினேன். பட்டியலின் எழுத்தளவை 11 இலிருந்து 16 ஆக உயர்த்தினேன். முதல் வள்ளம் கரையேறியது. சம்மாட்டி பட்டியலில் விரலை வைத்து, "நெத்தலி, பதினெட்டுக் கிலோ" என்று உரக்க வாசித்தார்.